"என் மகன் ஐந்து வருஷம்தான் இருப்பானா, டாக்டர்?"

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறவன். சில மாதங்களுக்கு முன் இடது முழங்காலுக்குச் சற்று மேலே வலி வந்தது. விளையாட்டில் பட்ட அடியாக இருக்கும் என்று உள்ளூரில் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போய், மூன்று முறை எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, கட்டும் போட்டிருக்கிறார்கள். வலி குறையவில்லை. ராத்திரி தூங்கவிடாமல் வலித்து, வீக்கம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் 'ஆஸ்டியோசார்கோமா' என்ற எலும்புப் புற்றுநோய் என்று வந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில் சுமார் 9 செ.மீ. கட்டி. நெஞ்சு சிடி ஸ்கேனிலும் எலும்பு ஸ்கேனிலும் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடுதல். இரண்டு சுற்று கீமோ முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை. காலை எடுக்காமல், நோயுள்ள எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டு வைக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "காலையே எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லை" என்கிறார் கொழுந்தனார். "ஊசி குத்திச் சதை எடுத்தாங்களே, அதுலயே பரவியிருக்கும்" என்கிறார் நாத்தனார். "ஆபரேஷனோடு நிறுத்திக்குவோம், இனிமேல் கீமோவை இவன் உடம்பு தாங்காது, நாட்டு மருந்துக்குப் போயிடலாம்" என்கிறார் கணவர். மகனிடம் 'கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அந்தத் தாய் கேட்டிருப்பது இது: "ஐந்து வருஷ உயிர்பிழைப்பு அறுபது, எழுபது சதவீதம்னு டாக்டர் சொன்னாரு. அப்போ என் பிள்ளை 21 வயசு வரைக்கும்தானா?"

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பயத்தோடு நீங்கள் இன்னொரு ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம்.

'ஐந்து வருட உயிர்பிழைப்பு' என்பது நாங்கள் வைத்திருக்கும் ஓர் அளவுகோல். இந்த நோய் வந்த நூறு பேரில், சிகிச்சை தொடங்கி ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது. ஐந்தாம் வருடத்தோடு ஆயுள் முடிகிறது என்று அதற்கு அர்த்தமே இல்லை. ஏன் ஐந்து என்று வைத்தோம்? ஆஸ்டியோசார்கோமா திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். ஐந்து வருடம் நோயில்லாமல் கடந்துவிட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகும் நன்றாகவே இருக்கிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கு உண்மையில் நம்பிக்கை தரும் கணக்கு. அதை விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம்.

இந்த எண் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970-களுக்கு முன் இதற்கு ஒரே வைத்தியம் காலை எடுப்பதுதான். எடுத்த பிறகும் பத்தில் எட்டுப் பேருக்கு நுரையீரலில் நோய் வந்து இறந்துபோனார்கள். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு 1977-ல், 18 வயதில், வலது முழங்காலில் இதே நோய் வந்து காலை எடுத்தார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புத்தான், இப்போது 50 சதவீதம் என்று அவரிடம் சொன்னார்களாம். அந்த இரண்டு வருடத்தில் மாறியது கீமோ மருந்துகள். டெர்ரி 1981-ல் இறந்துவிட்டார். அதற்கு முந்தைய வருடம், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காகச் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடினார். அன்றைய 50 சதவீதம் என்ற கணக்கு, பரவாத நோயில் இன்று அறுபது எழுபதுக்கு வந்திருக்கிறது.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கொழுந்தனார் சொல்வதற்கும் கணவர் சொல்வதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

காலை எடுத்தால் உயிருக்கு உத்தரவாதமா?

இந்த நோயில் உயிருக்கு ஆபத்து கால் கட்டியிலிருந்து நேராக வருவதில்லை. நோய் கண்டுபிடிக்கும் நாளிலேயே, எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சிறிய புற்றணுக்கள் ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலான நோயாளிகளுக்கு இதுதான் நிலைமை. அந்தக் காலத்தில் காலை முழுசாக எடுத்தும் பிழைக்காமல் போனதற்குக் காரணம் இதுவே. காலில் என்ன அறுவை செய்தாலும் நுரையீரலில் இருக்கும் அணுவைத் தொட முடியாது. அதைத் தொடுவது ரத்தத்தில் ஓடும் கீமோ மட்டும்தான்.

உங்கள் மகனுக்கு இருப்பதைப் போலவே தொடை எலும்பின் கீழ்முனையில் நோய் வந்த 227 பேரை வைத்து 1986-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. காலைக் காப்பாற்றியவர்களுக்கும் காலை எடுத்தவர்களுக்கும் உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பின்பு வந்த அனுபவமும் அப்படித்தான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கட்டியை, சுற்றிலும் நோயில்லாத திசுவையும் சேர்த்து, உடைக்காமல் முழுசாக எடுக்க முடிய வேண்டும். முக்கியமான ரத்தக்குழாயையும் நரம்பையும் கட்டி சுற்றி வளைத்திருந்தால், அல்லது கீமோ கொடுத்தும் வேகமாக வளர்ந்திருந்தால், அப்போது காலை எடுப்பதே சரியான முடிவு. உங்கள் மருத்துவர்கள் புது எம்ஆர்ஐ பார்த்துவிட்டுக் காலைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: "மேஜையில் திறந்து பார்த்த பிறகு முழுசாக எடுக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" ஒப்புதல் படிவத்தில் இதுபற்றிப் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாமல் மகனையும் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுங்கள். உலோக மூட்டு வைத்தாலும் பின்னாளில் சீழ் பிடிப்பது, தேய்வது, மறுபடி அறுவை தேவைப்படுவது என்று சிக்கல்கள் வரலாம். மறுபடி வாலிபால் குதித்து ஆட முடியாது. நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். இதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது.

எண்ணெய் தேய்த்தது, ஊசி குத்தியது

கடிதத்தில் மூன்று இடத்தில் "நான்தான் கெடுத்துட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாடுகிற பையனுக்கு முழங்கால் வலி வந்தால் அடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருத்துவர்களே நினைக்கிறார்கள். கட்டுப் போடுகிறவர்களே இல்லாத நாடுகளிலும் வலி தொடங்கி நோய் பிடிபடுவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. உருவிவிட்டதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கட்டியுள்ள இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. தைவானில் 2010-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படி உருவிவிடப்பட்டவர்களுக்கு முடிவுகள் மோசமாக இருந்தன. ஆனால் உங்கள் மகனுக்கு ஸ்கேனில் பரவல் தெரியவில்லை, கீமோவும் தொடங்கிவிட்டது. நடந்துபோனதை நினைத்து அழுவதற்கு உங்களிடம் இப்போது தெம்பு மிச்சமில்லை. அந்தத் தெம்பு அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டும். (இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வளரும் பிள்ளைக்கு ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் வலி, குறிப்பாக ராத்திரி வலி, வீக்கம் என்றால் உருவுவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.)

நாத்தனார் சொல்லும் ஊசி விஷயம் வேறு. பயாப்ஸி செய்யாமல் எந்த வகைப் புற்று என்றே தெரியாது. வகை தெரியாமல் வைத்தியம் கிடையாது. எலும்புப் புற்று என்று பொதுவாகச் சொன்னாலும், யூயிங் சார்கோமா கதிர்வீச்சுக்குக் கட்டுப்படும், ஆஸ்டியோசார்கோமா அவ்வளவாகக் கட்டுப்படாது. காண்ட்ரோசார்கோமாவுக்குப் பெரும்பாலும் அறுவைதான் வைத்தியம், கீமோ அதிகம் உதவாது. பயாப்ஸியில் கவனிக்க வேண்டியது ஊசி போன பாதை. அந்தப் பாதையையும் அறுவையில் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். அதனால்தான் அறுவை செய்யப்போகிற இடத்திலேயே பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறோம். உங்கள் மகனுக்கு அதே மருத்துவமனையில் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எதெல்லாம் முடிவைத் தீர்மானிக்கிறது?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகள் சேர்ந்து 1,702 நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கு இன்றும் எங்களுக்கு ஒரு வழிகாட்டி. மொத்தத்தில் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம். அதை உங்கள் மகனின் ரிப்போர்ட்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

மிகப் பெரிய வித்தியாசம் செய்தது பரவல்தான். தொடக்கத்தில் பரவல் தெரியாதவர்களில் 64 சதவீதம், பரவியிருந்தவர்களில் 27 சதவீதம். உங்கள் மகன் முதல் கூட்டத்தில் இருக்கிறான். அடுத்தது இடம். கை, கால் எலும்பில் வந்தால் 62, முதுகெலும்பு, இடுப்பு மாதிரி நடு உடம்பில் வந்தால் 29. நடு உடம்பில் கட்டியை முழுசாக எடுப்பது சிரமம், அதனால் இந்த இடைவெளி. இதிலும் அவன் நல்ல பக்கம்தான்.

கட்டி பெரிதாக இருப்பதும், ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருப்பதும் அவனுக்குக் கொஞ்சம் பாதகமானவை. மறைக்க விரும்பவில்லை. ஆனால் பரவல் இல்லாததும், கட்டியை முழுசாக எடுக்க முடிவதும் இவற்றைவிடக் கனமானவை. நாற்பது வயதுக்கு மேல் இந்த நோய் வருகிறவர்களோடு ஒப்பிட்டால் வயதும் அவனுக்குச் சாதகம். அந்த வயதில் முழு அளவு கீமோவைத் தாங்குவதே கஷ்டம்.

மீதி இருப்பது, கட்டி கீமோவுக்கு எப்படிப் பணிந்திருக்கிறது என்பது. இதற்கு விடை அறுவைக்குப் பிறகுதான் தெரியும். எடுத்த எலும்பைப் பரிசோதனைக் கூடத்தில் பக்குவப்படுத்தி, துண்டு துண்டாக வைத்துப் பார்த்து, எத்தனை சதவீதம் அணுக்கள் செத்திருக்கின்றன என்று எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் அதற்கு 'நெக்ரோசிஸ்' என்று பெயர். எலும்பு என்பதால் இரண்டு மூன்று வாரம் ஆகும், பதற வேண்டாம். 90 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நல்ல பலன். நான் சொன்ன அதே கணக்கில், நல்ல பலன் கண்டவர்களில் 73 சதவீதமும், குறைவான பலன் கண்டவர்களில் 47 சதவீதமும் பத்து வருடம் தாண்டியிருந்தார்கள்.

ஒருவேளை அந்த எண் 90-க்குக் கீழே வந்தால், "மருந்தை மாத்துங்க, இன்னும் பெரிய மருந்து குடுங்க" என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 17 நாடுகள் சேர்ந்து அதைச் சோதித்தே பார்த்துவிட்டன. குறைவான பலன் கண்டவர்களுக்குக் கூடுதலாக இரண்டு மருந்து சேர்த்தும், நோய் திரும்புவது குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று 2016-ல் முடிவு வந்தது. ஆகவே அதே மருந்துகளைத் தொடரச் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கவில்லையே, இணையத்தில் அதுதானே போட்டிருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது இல்லாமல் டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐபாஸ்பமைடு மூன்றையும் நெருக்கமான இடைவெளியில் கொடுக்கும் முறையை இந்தியாவில் பல மையங்கள் பின்பற்றுகின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலேயே அப்படி ஒரு முறை உண்டு. இதனால் உங்கள் மகனுக்குக் குறைவான வைத்தியம் நடக்கிறது என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கணவருக்கு

ஐயா, இந்தப் பகுதியைத் தயவுசெய்து நீங்களே படியுங்கள். மகன் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பதைப் பார்த்த எந்த அப்பாவுக்கும் "போதும்" என்றுதான் தோன்றும். ஆனால் அறுவையோடு நிறுத்துவது, பாதி ஆற்றில் படகை விட்டு இறங்குவது போல. 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பிறகு கீமோ கொடுக்காமல் கண்காணிப்பில் மட்டும் வைக்கப்பட்டவர்களில் இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். கீமோ எடுத்தவர்களில் 66 சதவீதம். நான் இதுவரை சொன்ன சாதகங்கள் எல்லாம் சிகிச்சையை முழுசாக முடித்தவர்களின் கணக்கு. கட்டியின் அளவையும் இடத்தையும் இனி மாற்ற முடியாது. மிச்ச கீமோவை முடிப்பது மட்டும்தான் உங்கள் வீட்டு முடிவு. நம் ஊரில் பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகளை நாங்கள் இழப்பது அடிக்கடி இந்த இடத்தில்தான். ஆபரேஷன் நன்றாக முடிந்து, கட்டியும் போய்விட்டது என்ற நிம்மதியில் ஊருக்குப் போகிறவர்கள், எட்டு மாதம் கழித்து மூச்சுத் திணறலோடு திரும்பி வருகிறார்கள்.

தேதியும் முக்கியம். அறுவைக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் கீமோவை மறுபடி தொடங்க முடிந்தவர்களுக்கு முடிவுகள் நன்றாக இருந்ததாக ஆய்வு இருக்கிறது. அதனால் காயம் சுத்தமாக ஆறுவது, சாப்பாடு, புரதம் எல்லாம் இப்போது வைத்தியத்தில் சேர்த்தி. முட்டை, பருப்பு, மீன், தயிர் எது இறங்குகிறதோ கொடுங்கள். "சர்க்கரையை நிறுத்தினால் புற்று செத்துவிடும்" என்பதை நம்பிப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

நாட்டு மருந்து பற்றி: கீமோ நடக்கும் காலத்தில் சூரணம், பஸ்பம், கஷாயம் எதுவும் மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். இந்த மருந்துகளில் பல, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் சோர்ந்தால் மருந்தே விஷமாகிவிடும். வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், புரூஃபென் மாதிரி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளணு குறைந்த நேரத்தில் ஒரு சாதாரணக் கிருமிகூட ஒரே நாளில் உயிரை எடுத்துவிடும்.

வாந்தி, வாய்ப்புண், களைப்பு ஆகியவற்றைக் குறைக்க இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. "தாங்க மாட்டான்" என்று நிறுத்துவதற்கு முன், "தாங்க வைக்க என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இதயத்துக்கு எக்கோ, காதுக்குக் கேட்கும் திறன் சோதனை இரண்டும் இடையில் செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பணம்தான் தயக்கம் என்றால் அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உலோக மூட்டுக்கும் கீமோவுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கலாம் என்பதால் காப்பீட்டுப் பிரிவில் இந்த வாரமே பேசுங்கள். மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் தங்குமிடம், பயணச் செலவு பற்றியும் கேளுங்கள்.

மகனிடம் சொல்வதா?

சொல்லுங்கள் அம்மா. 16 வயதுப் பையன், கையில் போன் இருக்கிறது, முடி கொட்டிவிட்டது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களோடு பேசுகிறான். சொட்டு மருந்து பாட்டிலில் இருக்கும் பெயரைத் தேடிப் பார்த்திருக்க மாட்டான் என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் அழக் கூடாது என்று அவன் மறைக்கிறான், அவன் அழக் கூடாது என்று நீங்கள் மறைக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "இது புற்றுநோய்தான், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கஷ்டம்" என்ற அளவு போதும். மிச்சத்தை அவன் கேள்வி கேட்கக் கேட்கச் சொல்லலாம். உங்களால் வாயைத் திறக்க முடியவில்லை என்றால் மருத்துவரைச் சொல்லச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன் காலுக்கு நடக்கப்போவது என்ன என்று தெரிந்த பையன்தான் அறுவைக்குப் பின் வலியோடு முழங்காலை மடக்கிப் பழகுவான்.

சிகிச்சை முடிந்த பிறகும் முதல் இரண்டு வருடம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை இருக்கும். அதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். நுரையீரலில் ஒன்றிரண்டு புள்ளியாக நோய் திரும்பினாலும், சீக்கிரம் பார்த்து அறுவை செய்து எடுத்தால் அப்படிக் குணமானவர்களும் இருக்கிறார்கள்.

அறுவை முடிந்து ரிப்போர்ட் வந்ததும் மறுபடி எழுதுங்கள். அதில் இரண்டு வரிகளை மட்டும் எனக்குக் குறித்து அனுப்புங்கள்: நெக்ரோசிஸ் எத்தனை சதவீதம், வெட்டிய ஓரங்களில் நோய் இருக்கிறதா இல்லையா. அப்புறம், கீமோ மறுபடி தொடங்கிய தேதியையும் எழுதுங்கள்.